திறப்பு

குறிப்பேட்டின் பதினோராம் பக்கம்.
திகதி போட்டேன். வந்தவர்கள் இருபத்து மூவர்.
ஆரம்ப ஜெபம்: சகோதரி ஸ்டெல்லாராணி.
அதற்குப் பிறகு பேனை நகரவில்லை.

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில்,
கண்ணாடிக் கடைக்கு மேல்மாடி எங்கள் சபை.
ஒன்பது மாதக் குழந்தை.
பெயர்ப்பலகை இன்னும் துணியில்தான்;
காற்றடித்தால் 'சபை' மடிந்து உள்ளே போய்விடும்.

முதல் விடயம் கதிரைகள்.
நாற்பது கதிரைக்கும் காசு கொடுத்த துரைநேசன்
முதுகில் தன் தாயின் பெயர் எழுதுவித்தார்.
முப்பத்தெட்டில் எழுதியாகிவிட்டது.
மிச்ச இரண்டில் இருக்கத்தான் இப்போது போட்டி.

இரண்டாவது, கீபோர்ட்டின் சத்தம்.
மூன்றாவது, சிங்களத்தில் ஒரு பாட்டாவது
பாடக்கூடாதா என்று நிஷாந்தி கேட்டது,
அதற்கு ஒருவர் சிரித்தது.
சிரிப்பை எப்படிக் குறிப்பில் எழுதுவது?

நான்காவது, திறப்பு.
ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.
இன்னொன்று வெட்ட வீட்டுக்காரர் விடவில்லை.
ஒன்பது மாதமாக ஸ்டெல்லாராணியின் கைப்பைக்குள்.
"காசு போட்டவன்ர கையில இருக்கட்டும்" என்றார் துரைநேசன்.
"காசு போட்டவர் நாலு மணிக்கு எழும்புவாரோ?"
என்றாள் அவள்.

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
போதகர் அற்புதராஜ், ஆள் இளந்தாரி,
துடைத்த மூக்குக் கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.
"அப்ப நாங்கள் வேற இடத்தில கூடுறம்"
பின்வரிசையில் யாரோ.
பக்க ஓரத்தில் கணக்குப் போட்டேன்:
பதினொன்று, பன்னிரண்டு.
இரண்டு பக்கத்துக்கும் வாடகை காணாது.

சும்மா முதல் பக்கத்தைத் திருப்பினேன்.
அப்போது என் கையெழுத்து அழகு.
'யாழ்ப்பாண பஸ் விடிய நாலரைக்கு ஆட்களை இறக்குகிறது.
மகரகம ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்
ஏழு மணிவரை கடை வாசல்களில் நிற்கிறார்கள்.
பெண்கள் எங்கே போவது?
ஒரு கக்கூஸ், ஒரு பாய், ஒரு தேத்தண்ணி.
அதற்கு ஒரு சபை.'
கதிரை பற்றி ஒரு சொல் இல்லை.

வாசித்தேன். கரையோர ரயில் குறுக்கே போனது.
திரும்ப வாசிக்கச் சொன்னார் போதகர்.
வாசித்தேன்.
"நாளைக்கு ஆர் வருகினம்?" என்று மட்டும் கேட்டார்.
பரந்தனிலிருந்து ஒரு தாய், எட்டு வயது மகள்.
மூன்றாவது ஊசி.

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை.
இதை எழுதியே வைக்கிறேன்.
பின்னால் வருகிறவர்கள் எங்களைப்
பெரிய விசுவாசிகள் என்று நினைத்துவிடக்கூடாது.

விடிய நாலு மணி. தூறல்.
பூட்டிய கதவுக்கு முன்னால், படியில்,
பால்மாப் பெட்டியோடு துரைநேசன்.
ஓட்டோவில் வந்திறங்கிய ஸ்டெல்லாராணி
அவரைத் தாண்டிப் போய்த் திறந்தாள்.
கேத்தலை அவள் வைத்தாள்.
மூன்று கதிரையை அவர் சேர்த்துப் பாயை விரித்தார்.

தலையில் தொப்பி போட்ட பிள்ளை
படுக்கவில்லை. எழுத்துக் கூட்டியது.
"நே... ச... ம்மா. ஆர் இந்த நேசம்மா?"
"என்ர அம்மா."
"இப்ப எங்க?"
துரைநேசன் பாயின் சுருக்கை நீவினார்.
"அவவும் இந்த பஸ்ஸிலதான் வந்தவ, பிள்ளை."

தண்ணி கொதித்து மூடி துள்ளியது.
ஸ்டெல்லாராணி அடுப்பைக் குறைக்க மறந்து நின்றாள்.

ஆறரைக்கு நிஷாந்தி அவர்களோடு கிளம்பினாள்.
கவுண்டரில் சிங்களம் வேண்டும்.
அன்றைக்குச் சிரித்தவர் பஸ் காசைக் கொண்டுவந்து
என் கையில் தந்தார், அவளிடம் இல்லை.

பன்னிரண்டாம் பக்கம்.
நாலு விடயமும் அடுத்த கூட்டத்துக்கு.
வியாழன் வரவு: வவுனியாவிலிருந்து மூவர்,
ஒருவருக்குப் படி ஏற ஏலாது,
தூக்க இரண்டு ஆம்பிளைகள் தேவை.
சீனி முடிந்துவிட்டது.